ஞாயிற்றுக்கிழமை வாசனை

மார்த்தாண்டம் மேம்பாலத்து லாரிகள்
ஜன்னல் மட்டத்தில் ஓடும் மாடியில்
எங்கள் ஆய்வகம்.
கீழே டாக்டர் றோசிலியின் பல் ஆஸ்பத்திரி.

பதினோரு மாதமாக
ஈஸ்டைக் கிராம்பாக்கப் பார்க்கிறேன்.
மாறாமலைத் தோட்டத்து மரமொன்றில்
கடன் வாங்கிய மரபணு.
அது கோக்கும் நொதியின்
நூற்றிப் பதினெட்டாவது மணியைக் கழற்றி
வேறு மணி, பிறகு வேறு,
எண்பத்தேழு முறை.
எண்பத்தேழு குடுவையிலும்
பழங்கஞ்சி நாற்றம்.

எண்பத்தெட்டில்
"மக்கா, வந்துட்டு" என்று ஜெஸ்பின் துள்ளினாள்.
நான் தரையைப் பார்த்தேன்.
கீழே யாருடைய கடைவாய்ப் பல்லிலோ
கிராம்பெண்ணெய்ப் பஞ்சு வைக்கும் நேரம் அது.

திருவனந்தபுரத்து இயந்திரம் பதில் சொல்ல
எட்டு நாளாகும்.
ஆஸ்பத்திரி பூட்டிக்கிடக்கும் நாளுக்குக் காத்திருந்தேன்.

ஞாயிறு.
ஆராதனை முடிந்து குடைகள் கலைகின்றன,
இறைச்சிக் கடையில் வரிசை,
தூறல்.
மூடியைத் திறந்தேன்.
கிராம்பு. கிராம்பேதான்.
சொத்தையில்லாத என் பல்லொன்று
கூசி அடங்கியது.

ஜெஸ்பினை அழைக்கும் முன்
நுண்ணோக்கியில் ஒரு துளி வைத்தேன்.
செய்த உயிர்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.
தாம் வடித்த எண்ணெயிலேயே
மரமாகச் சொன்னால்
மரத்துப்போயிருந்தன.

கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிராம்பு வாங்கி
ஊறவைத்து, பிளேடால் சீவிப் பார்த்தேன்.
தோலுக்கடியில் சின்னச் சின்ன அறைகள்,
ஒவ்வொன்றும் தனித்தனியே அடைத்து,
தன் நஞ்சு தன்மேல் படாமல்.
என் ஈஸ்டுக்கு ஏது அறை?
இருப்பதே ஒரு வீடு.

அதனால் இன்னொரு நொதி.
எண்ணெய் பிறந்த கணத்தில்
அதன் தலையில் ஒரு சர்க்கரைத் தொப்பி மாட்டும்.
தொப்பி போட்டால் கொல்லாது.
மணக்கவும் மணக்காது.
வேண்டும்போது நாம் கழற்றிக்கொள்ளலாம்.

திங்கள், டாக்டர் மாடியேறி வந்து
"என்ன, உங்க பக்கமும் கிராம்பு வாசம்?" என்றார்.
இனி வராது என்றேன்.
"ஐயோ, தோத்துப்போச்சா?"

ஐந்து வாரம் கழித்து
எண்பத்தொன்பதாவது குடுவை.
முகர்ந்தேன்:
பழங்கஞ்சி.
குதிக்கலாம் போலிருந்தது.
குதிக்கவில்லை.
தோற்ற எண்பத்தேழும்
இதே வாசனைதான்.

மாதிரியைப் பெட்டியில் அடைத்து
பனிக்கட்டி வைத்து
திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றினேன்.
கீழே யாரோ
வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.