சி-யை மட்டும்

கிண்ணியா பஸ்ஸில் வந்திறங்கி
சீலைப் பையிலிருந்து லாப்டொப்பை எடுத்து
மேசையில் கவிழ்த்து வைத்தாள் ஹஸ்னியா.
"திறந்தா அவர்ட பேர் வருது,
வாங்க நஸ்லிம் எண்டு.
எனக்கு அது வரப்படா."

பேரை மாற்றலாம், ஐந்து நிமிட வேலை, முந்நூறு ரூபாய் என்றேன்.
"மாத்த வேணா. கழுவணும்."

என்.சி. வீதியில் என் கடை,
ஃபிரிட்ஜ் திருத்துகிறவருக்கும் பல் டொக்டருக்கும் நடுவில்.
வாசலில் ஒரு மான்
கொத்து பார்சலின் பொலித்தீனை நக்கிக்கொண்டிருந்தது.
இந்த ஊரில் மான் அப்படித்தான்,
மாட்டின் வேலையெல்லாம் பார்க்கும்.

என் பென் டிரைவ் எட்டு ஜீபி.
மூடி தொலைந்தது. இடுப்பில் பிளாஸ்டர்.
பிளாஸ்டரில் பேனாவால் 'தொடாதே'.
அதைச் செருகி, எஃப் பன்னிரண்டைத் தட்டித் தட்டி,
கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்ததும்
ஏதோ ஒரு விசையை அழுத்தினேன்.
ஏதோ ஒன்று போதும் அதற்கு.

நேர வலயம் கேட்டது.
ஸ்ரீ ஜெயவர்த்தனபுர என்று போட்டேன்.
திருகோணமலைக்கென்று தனியாக நேரம் கிடையாது.

பிறகுதான் அவள் சொன்னாள்:
"டீ-ல கேக் ஓடர் எல்லாம் இருக்கி. நாலு வருசத்துக் கணக்கு.
மகள்ட படமும்.
அது போகப்படா."
நல்ல வேளை, கை இன்னும் எண்டருக்குப் போகவில்லை.
ஆனால் இந்தத் திரையில் சி இல்லை, டீ இல்லை.
பார்ட்டிஷன் மூன்று, தொண்ணூற்றேழு.
பார்ட்டிஷன் நான்கு, நூற்று முப்பத்து நான்கு.
எது அவர், எது நீங்கள்?
"பெரிசு என்ட" என்றாள்,
யோசிக்காமல்.

மூன்றைத் தொட்டேன். ஃபோர்மட்.
எச்சரிக்கை ஒன்று வந்தது, வாசிக்காமல் ஓகே கொடுத்தேன்.
இரண்டு விநாடி.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான்.
அவள் முகத்தைப் பார்க்காமல்
விசைப்பலகையின் மாத்தூசியை ஊதினேன்.
ஸ்பேஸ் பாருக்கடியில் வெள்ளையாய் ஐசிங் சீனி.

அறுபத்து மூன்று வீதத்தில் கரண்ட் போனது.
அவளுடைய பற்றரி செத்து ஒரு வருடம்.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது,
பாதி வழியில் டீசல் தீர்ந்த வள்ளத்தில்
ஒருத்தன் விசிலடிப்பது மாதிரி.
ஃபேனைக் கழற்றினேன், ரவுட்டரைக் கழற்றினேன்,
சார்ஜில் கிடந்த பல் டொக்டரின் போனையும்.
எழுபத்தொன்று.
அவள் ஓதுகிறாளா, வீதம் எண்ணுகிறாளா, தெரியவில்லை,
உதடு மட்டும் அசைந்தது.
எண்பத்தெட்டு.
யூபிஎஸ் மூச்சுவிடாமல் கத்தும் கட்டத்துக்கு வந்தபோது
பக்கத்துக் கடை ஃபிரிட்ஜுகள் ஒவ்வொன்றாய் உறுமின.

திரும்ப எழும்பும்போது அதே வரி,
ஏதாவது விசையை அழுத்து என்று.
அவள் விரல் நீண்டது.
வேண்டாம். இப்போது அழுத்தினால்
எல்லாம் முதலிலிருந்து.
பென்னைப் பிடுங்கினேன். சுட்டது.

யார் பாவிக்கப் போகிறீர்கள் என்று கேட்டது கடைசியில்.
"ஒண்டும் போடாம விடேலாதா?"
விடாது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு
ஒரு விரலால், ஆங்கில எழுத்தில்
'பட்டர் கேக்' என்று அடித்தாள்.

சவுண்ட் டிரைவர் இல்லாததால்
சத்தமில்லாமல் திறந்தது அது.
நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன்.
அவசரமில்லை என்றாள்.

இரவு ஒன்பதரைக்குப் போன்.
"வைஃபை லிஸ்ட்ல நஸ்லிம் ஹோம் எண்டு நிக்கிதே!"
அது வேறு பெட்டி, ஹஸ்னியா.
ரவுட்டருக்குப் பின்னால் சின்ன ஓட்டை இருக்கும்.
ஊசி மாதிரி ஏதாவது இருக்கா?
பதில் இல்லை. துணி உரசும் சத்தம்.
"ஸ்கார்ஃப் பின் சரியா?"
சரி. குத்திப் பிடியுங்கள்.
பத்து வரைக்கும் எண்ணுங்கள், விடக்கூடாது.

ஏழில் மகள் ஏதோ கேட்டாள்.
"பொறு" என்றாள் அவளிடம்,
திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.