பத்து சதவீதம்

மண்டபம் தென்கடல் கரையில்
ஐஸ் பிளாண்ட்டில் கணக்கெழுதுகிறேன்.
ஒரு நாளைக்கு இருநூறு பார்.
எழுதுவது நான், உருகுவது அது.

முதலாளி கஸ்பாருக்கு
இன்னொரு கம்ப்ரஸர் போட ஆசை.
வங்கியில் திட்ட அறிக்கை கேட்டார்கள்.
"வருஷம் பத்து சதவீதம் வளர்ச்சி காட்டும்மா,
அதுக்குக் கீழே போனா ஃபைல் நகராது"
என்றார் மேனேஜர். நல்ல மனிதர்.
பேசி முடிக்கிறவரை
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார்.

சரி.
முதல் கட்டத்தில் இருநூறு,
அடுத்ததில் இருநூற்றிருபது.
பிறகு கட்டத்தின் மூலையை மவுஸால் பிடித்துக்
கீழே இழுத்தால் போதும்.
கரைவலை மாதிரி கை காய்க்காது,
எண்கள் தாமாக வந்து விழும்.
ஐந்து வரி போதும் என்றிருந்தார்கள்.

விரலை எடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.
பொய்.
வேண்டுமென்றேதான் இழுத்தேன்.

எட்டு வருஷத்துக்குள் இரட்டித்தது.
முப்பதில் மூவாயிரத்து ஐந்நூறை நெருங்கியது.
ஐம்பதில் இருபத்து மூவாயிரத்தைத் தாண்டியது.
நூறில்
இருபத்தேழு லட்சம் பார்.
ஒரு நாளைக்கு.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
கடல்
காலையில் இருந்த அளவுதான் இருந்தது.

பிளாண்ட்டுக் கிணறு உப்பாகி ஆறு வருஷம்.
உச்சிப்புளித் தோப்பிலிருந்து
லாரியில் வருகிறது தண்ணீர்.
தோப்புக்காரர் நாகசாமி
மூன்றாம் தடவை போரை இறக்கிவிட்டுப்
போனில் கேட்டார்:
"லேசாக் கரிக்குது தாயி,
ஐஸுக்குத் தெரியாதுல்ல?"

லீனஸின் விசைப்படகு
நாற்பது பார் அரைத்து ஏற்றிப் போகும்.
நேற்று அதில் பாதி
பெட்டியிலேயே திரும்பி வந்தது.
மூட மீன் கிடைக்காத ஐஸ்.
"கழிச்சுக்கிறியா, கொட்டிரவா?" என்றான்.
திரும்பி வரும் ஐஸுக்கு
என் லெட்ஜரில் கட்டமில்லை.

ஜனம் பெருத்துவிட்டது என்கிறார்கள்.
இருக்கலாம்.
எங்கள் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியும்:
அப்பாவோடு பிறந்தவர்கள் ஒன்பது பேர்,
என்னோடு மூன்று,
எனக்கு ஒருத்தி.
அப்பாவின் வள்ளத்துக்கு ஒரு பாய்.
அண்ணனின் படகுக்கு நூற்றிருபது குதிரை.
வீட்டில் தலை குறையக் குறைய
கடலில் குதிரை பெருகுகிறது.

அத்தனை குதிரைக்கும் கொள்ளு டீசல்.
டீசலுக்குக் கடன், கடனுக்கு வட்டி,
வட்டிக்குக் காரல்,
காரல் எட்டாமல் சங்காயம்.
நகக்கண் அளவு குஞ்செல்லாம்
லாரியேறிக் கோழித் தீனியாகப் போகிறது.

சீலா குஞ்சு பொரிக்க ஒரு பருவம் வேண்டும்.
அறுபத்தொரு நாள் என்று
அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது.
வட்டிக்குத்
தடைக்காலம் கிடையாது.
மழைக்கும் புயல்கூண்டுக்கும் நடுவிலும்
அது குட்டி போடும்.

நூறு வரியையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன்.
மேனேஜர் கடைசி எண்ணின் இலக்கங்களை
விரல் வைத்து எண்ணிவிட்டுச் சிரித்தார்.
"நூறாவது வருஷம் யாரும்மா இருக்கப் போறா?"

"அதான் சார்" என்றேன்.

அவருக்கு அடுத்த டோக்கன் காத்திருந்தது.

தொண்ணூற்றைந்து வரியை அழித்தேன்.
ஒரே பட்டன்தான், சத்தம்கூட இல்லை.
கடன் கிடைத்தது.
கம்ப்ரஸருக்கு மாலை போட்டார்கள்,
ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார்,
எல்லோருக்கும் லட்டு.

லட்டு கையோடு
கஸ்பாரிடம் போய் நின்றேன்.
மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் ஏறியிருக்கிறது,
சம்பளத்தில்
ஒரு பத்து சதவீதம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டேன்.