நாற்பத்தொரு மணித்தியாலம்

வன்கூவரைவிட டப்ளின் எங்களுக்குக் கிட்ட.
சென் ஜோன்சுக்கு வந்த புதிதில்
வரைபடத்தில் சாண் வைத்துக் காட்டினான் சேந்தன்:
அங்கால் ஒன்றரை, இங்கால் ஒன்று.
ஆறு வருடமாய் அந்த ஒரு சாண்
அப்படியே கிடக்கிறது.

மே மாத நீள வார இறுதி.
திங்கள் இரவு எனக்கு ஆஸ்பத்திரி.
கிழக்கே போக முதலில் மேற்கே ஹலிஃபக்ஸ் போகவேணும்,
அந்தக் கூத்தையும் கழித்தால்
கையில் நாற்பத்தொரு மணித்தியாலம்.
நித்திரைக்கு ஒன்பது என்று அவன் எழுத
பதினொன்று என்று திருத்தினேன்.

அருங்காட்சியகம் இரண்டு, பழைய நூலகம், ஒரு தேவாலயம்,
மழை வந்தால் இன்னொரு தேவாலயம்.
ஆற்றங்கரைக்கு இருபது நிமிடம்.
"ஆறு எங்கே போகப்போகுது?"
"அது போய்க்கொண்டுதானே இருக்கு."
சிரித்துவிட்டு அரைமணி ஆக்கினான்.

போதாது.
இந்த ஊரில் பாதிப் பேரின் கைநரம்பு எனக்குப் பாடம்.
மீன்கடையில் காட் வெட்டுகிறவருக்கு
இடது கையில்தான் இரத்தம் வரும்,
வங்கியில் இருக்கிற பெண்
ஊசியைக் கண்டால் பாட்டு முணுமுணுப்பாள்.
எதிரே வருகிறவரின் முழங்கையைப் பார்த்துத்தான்
வணக்கம் சொல்கிறேன்.
அங்கே
ஒருவரின் நரம்பும் தெரியாத கூட்டத்தில்
வாங்கில் இருந்து
வெறும் முகங்களைப் பார்க்கவேணும்.
இதை நிரலில் எப்படி எழுதுவது?

யன்னலில் மூடுபனி.
துறைமுகம் இல்லை, எதிர்க் குன்று இல்லை,
எங்கள் காரும் பாதிதான்.
'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்கிறது திரை.
"வெள்ளிக்கிழமையும் இப்படியே நின்றால்?"

அட்டையைத் திருப்பி
பின்பக்கத்து மூன்று இலக்கத்தை வாசித்தேன்.