சொல்லுக்குச் சொல்

குன்னூர். மூன்றாம் பருவம். களப்பணிக் குறிப்பேடு.
கேட்டதையும் சொன்னதையும்
சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும்.

நான்: குடிக்கணும்னு எப்பத் தோணும்?
ஹாலன், பதினோராம் நாள்: தோட்டத்துல மருந்தடிச்சுட்டு இறங்கறப்ப.
வாயெல்லாம் கசக்கும்.
நான்: விட்டுடுங்க, பிள்ளைங்க இருக்காங்க.

ஓரத்தில் சிவப்பு மை:
இது அறிவுரை. அடிக்கவும்.

அப்புறம் அவர் டம்ளரை
இரண்டு கையாலும் பிடித்தார்.
அப்படியும் மேசையில் சிந்தியது.
துடைக்க எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன்.

மௌனம்
என்று மட்டும் எழுதியிருந்தேன்.
அதன் கீழும் சிவப்பு மை:
எவ்வளவு நேரம்?

கடிகாரம் பார்க்கவில்லை, மேடம்.
வெலிங்டன் பக்கம் ரயில் கூவியது.
தேநீர்மேல் ஆடை படிந்தது.
அவர்தான் முதலில் பேசினார்:

"நான் குடிக்காம இருந்தா
உனக்கு எத்தனை மார்க்கும்மா?"