வகை: இரைச்சல்

வண்டறந்தாங்கல் கால்நடை மருந்தகத்தின் பின்னறையில்
சினை ஊசி நைட்ரஜன் உருளைக்குப் பக்கத்தில்
சிமென்ட் மேடை கட்டி
கருவியை உட்கார வைத்திருக்கிறோம்.
குடியாத்தம் பக்கம் ஒரு மழைக்காலத்தில் நிலம் முனகி
ஜனங்கள் பாயும் பிள்ளையுமாக ரோட்டில் படுத்த பிறகு
வந்தது அது.

பெரிய அதிர்வுக்குக் காத்திருப்பதற்குத்
தினப்படி கிடைப்பதெல்லாம் சில்லறை.
ஜோலார்பேட்டை சரக்கு வண்டி என்றால்
கம்பளிப்பூச்சி மாதிரி நீளமாக ஒரு கோடு.
பொன்னை ரோட்டுக் குவாரியில் வெடி என்றால்
ஒரே குத்து, பிறகு வால்.
வாசலில் மாடு கால் மாற்றி நின்றாலும் எழுதிவிடும்.
மாடு என்று எழுதாது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சனிக்கிழமை இரவை
திங்கட்கிழமை காலையில் திறந்தேன்.
ஒன்பது பன்னிரண்டுக்குத் தொடங்கி
சீப்புப் பல் போல
நொடிக்கு இரண்டேகால் தடவை.
நிலத்துக்கு இத்தனை தாளம் தெரியாது.
ஐதராபாத்திலிருந்து ரத்தினவேல் சார் கூப்பிட்டார்,
"பக்கத்துல பம்ப் செட் ஏதாவது ஓடுதாம்மா?"
நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் வேகம் மாற்றும் பம்ப் செட்டை
நான் பார்த்ததில்லை.
"விசாரிக்கிறேன் சார்."

மேம்பாலத்துக்கு அந்தப்புறம், மூன்று கிலோமீட்டர்,
கல்லூரி மைதானத்தில் ராக் கச்சேரி.
ஒன்பதாயிரம் பேர் என்றார் செக்யூரிட்டி தயாநிதி.
டிக்கெட் கிழித்த கை இன்னும் வலிக்கிறதாம்.

ஒன்பது நாற்பத்தேழில்தான் எனக்குச் சிக்கல்.
பல் கலைகிறது,
இரண்டு மூன்று சீப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக.
பிறகு சேர்ந்துகொண்டு
முன்னைவிட உயரமாக, ஐம்பது நொடி.
அப்போ என்ன பாட்டு என்று கேட்டேன்.
"பாட்டே இல்ல மேடம். கரண்ட் பூட்ச்சி."

நம்பாமல்
ஜெனரேட்டர் வாடகைக்கு விட்ட வாஜித் பாயைத் தேடிப் போனேன்.
நஷ்ட ஈடு கேட்க வந்தவள் என்று நினைத்து
டீசலைத் திட்டினார், பங்க்காரனைத் திட்டினார்.
பிறகு போனைக் காட்டினார்:
மகனைக் கூப்பிட்டது 9.47.
"ஒரு நிமிசம்கூட ஆவல, அடுத்த மிஷினுக்கு மாத்தினேன்.
ஆனா இருட்டுல ஒருத்தனும் நிக்கலம்மா.
குதிச்சிக்கினே இருந்தானுங்க.
காலுக்கு இன்னா ஜெனரேட்டர்?"

ஸ்பீக்கர் ஊமை. மேடை கறுப்பு.
அப்படியானால் அந்த ஐம்பது நொடி
கலப்படமில்லாத கால்.
மூன்று அரியர் வைத்த கால்,
ராணிப்பேட்டையில் நாளெல்லாம் ஷூவுக்கு மேல்தோல் தைத்துவிட்டு
வெறும் ரப்பர் செருப்பில் வந்த கால்,
குடியாத்தத்துப் பக்கம் அன்று
ரோட்டில் படுத்த கால் ஒன்றாவது.
கோட்டிலிருந்து பிரித்தெடுக்க
என்னிடம் மென்பொருள் இல்லை.

படிவத்தில் 'வகை' என்று ஒரு கட்டம்.
கையேட்டில் இதற்குப் பெயர் இருக்கிறது,
கலாச்சார இரைச்சல்.
லாரி, ரயில், நெல் மில், மனிதர் எல்லாம் அதில் அடக்கம்.
எழுதிச் சேமித்தேன்.

மறுநாள் மத்தியானம்
உதவியாளர் ஏகாம்பரம் சாப்பிடப் போயிருந்தார்.
ஊசிக்கு வந்த ஜெர்சிப் பசு ஒன்று
வேப்பமரத்தில் கட்டியிருந்தது.
கதவைச் சாத்தப் பார்த்தேன், தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது.
செருப்பைக் கழற்றி
துப்பட்டாவை இடுப்பில் முடிந்து
முப்பத்தெட்டு வயதும் அறுபத்து மூன்று கிலோவுமாக
நொடிக்கு இரண்டேகால் தடவை
எத்தனை நேரம் முடியுமென்று பார்த்தேன்.

பதினோரு நொடி.

செவ்வாய், 13.06.
திரையில் சின்னதாக ஒரு சீப்பு, பாதிப் பல் உடைந்தது.
சார் கேட்டால் பராமரிப்புப் பணி என்று சொல்ல இருந்தேன்.
கேட்கவில்லை.
அதற்குப் பின்னால் தனியாக ஒரு புள்ளி தெரியும்,
அது மாடு.