முப்பத்தெட்டுக் கிலோ

முதலில் அளந்தது கடலை அல்ல,
படிக்கட்டை.
மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே
படி திரும்புகிற இடத்தில்
இரண்டு மீற்றர் எழுபதுக்கு மேல் நீளமான எதுவும்
இந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறாது.
லிஃப்ட்டில் அதுவும் இல்லை. எனக்குத் தெரியும்,
அதைப் பழுதுபார்ப்பவன் நான்தான்.

ஆகவே எங்கள் ஐந்து மீற்றர் வள்ளம்
நடுவில் வெட்டுண்டே பிறந்தது.
உடல் இரண்டு துண்டு,
மிதவைகள் இரண்டிரண்டு.
குறுக்கே போட அலுமினியக் குழாய்கள்
பஞ்சிகாவத்தையில், ஹில்மியின் கடையில்,
சுண்டிச் சுண்டி ஓசை கேட்டு வாங்கியவை.
"ஏணிக்கா?" என்றார்.
ஆமென்றேன்.

பத்தொன்பது வருடமாய்
ஏறுகிற பெட்டிக்கு எதிரே இரும்பைத் தொங்கவிட்டுச்
சம்பளம் வாங்குகிறேன்.
இங்கே இரும்பில்லை, ஈயமில்லை.
மதில்மேல் நடப்பவன்
கைகளை விரித்துக்கொள்வதைப் போல
அகலம் மட்டும்.

லோஜினி இரத்மலானையில்
சட்டைகளுக்குப் பற்றன் வெட்டுகிறவள்.
மூன்று மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையைத்
தரையில் விரித்துப் பார்த்துவிட்டு
"இதுக்கு இடுப்பு எங்க?" என்றாள்.
அணியத்தருகே ஒரு டார்ட் பிடித்தாள்.
தட்டைப் பலகை
மூச்சை உள்ளிழுத்து வளைந்தது.
செம்புக் கம்பியால் தைத்தோம்,
தையல்மேல் கண்ணாடி நார், நார்மேல் எபொக்சி.
அது காயமுன் பறந்து வந்து ஒட்டியது
மாடியில் யாரோ உலர்த்திய மிளகாயின் ஒரு விதை.
இடது மிதவையில் இன்னும் இருக்கிறது.

பெயர்தான் தொல்லை.
ட்ரைமரான்.
நம்முடைய கட்டுமரம் கப்பலேறிப் போன இடத்தில்
கட்டை அவிழ்த்துவிட்டு
ஓர் எண்ணிக்கையை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.
பரவாயில்லை,
குழாயையும் மிதவையையும் நாங்கள்
கயிற்றால்தான் கட்டினோம்.

சமையலறைத் தராசில் எல்லாம் ஏறி இறங்கின.
கப்பி நாற்பது கிராம். மரை ஆறு.
பெயின்ற் இரண்டாம் பூச்சு எண்ணூற்றுப் பத்து:
வேண்டாம்.
சுக்கான் பிடியைக் குடைந்து
உள்ளிருந்த மரத்தை ஊதி எறிந்தேன்.
முப்பத்தெட்டுக் கிலோ.
லோஜினி குளியலறைத் தராசைக் கொண்டுவந்து
என்னை ஏறச் சொன்னாள்.
எண்பத்தாறு.
பட்டியலின் கடைசி வரியில் எழுதிக்கொண்டாள்.
அன்றிரவு எனக்குப் புட்டு பாதி.

மாசி ஞாயிறு. ஆறு துண்டும் படியிறங்கின.
வெள்ளவத்தைத் தண்டவாளத்தருகே
தலையில் மிதவையோடு நின்றோம்,
அளுத்கம ரயில் போய்முடியும் வரை.

பாறைகளுக்கிடையே மணலில் கட்டிக்கொண்டிருந்தபோது
கடற்படைப் பையன் வந்தான்.
"மே மொகக்த?"
அடையாள அட்டையில் என் பெயரை
இரண்டு தரம் வாசித்தான்.
பிறகு கேட்டான், எவ்வளவு வேகம் போகும்?

இரண்டு வருடம் இரவிரவாய்க் கணக்குப் போட்டது
அந்த எண்ணுக்காகத்தான்.
பதினான்கு நொட்.
நாக்கு நுனிவரை வந்து நின்றது.
"ஹெமின்" என்றேன். மெதுவாகத்தான்.
தராசில் வைக்க மறந்த ஒரே சாமான்
வேகம் என்ற சொல்.
அதைக் கரையில் இறக்கிவைத்தேன்.

அவன் அணியத்தை
இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.
எழுந்தது.
இன்னொரு தரம் தூக்கினான்.

பதினொரு மணிக்குக் கடற்காற்று.
வடக்கே திருப்பினேன். பாய் நிறைந்ததும்
இடது மிதவை நீரை விட்டுக் கிளம்பியது
சொட்டச் சொட்ட, மிளகாய் விதையோடு.
குழாய்க்குள்ளிருந்து
யாரோ வாய் மூடிப் பாடுவதைப் போல ஒரு நீளமான ஓசை.
தூரத்தில் காலிமுகத்துக் கோபுரங்களில்
எத்தனையோ லிஃப்ட்கள்
தத்தம் இரும்போடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

திரும்பிப் பார்த்தேன்.
லோஜினியின் கையில் நிறுத்தற்கடிகாரம்,
அவள் தோளருகே எட்டிப் பார்க்கும் தொப்பி.

கரை சேர்ந்ததும் கைபேசியில் வகுத்து
எண்ணை உரக்கச் சொன்னவன் அவன்தான்.
பன்னிரண்டு.
என் கணக்கை விட இரண்டு குறைவு.
"புட்டு" என்றாள் லோஜினி.