தொண்ணூறு விநாடி

துறைமுகத்துக்கு அரபியில் மீனா.
மீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று
அபுதாபி வந்த முதல் வாரமே யாரோ சொன்னார்கள்.
ஆனாலும் எங்களுக்குக் கிடைத்த கிடங்குக்கு எதிரே
மீன் சந்தை.
அங்கே ஷெரியும் ஹமூரும் ஐஸில் கிடக்க
இங்கே
பன்னிரண்டு புரொஜெக்டர்கள் ஊற்றிய கடலில்
நாற்றமே இல்லாத நானூறு மீன்கள்.

உங்கள் வேலைதான் என்ன என்று
விசா புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்.
வரைவதில்லை. கோடிங் தெரியாது.
லென்ஸ் துடைக்கக்கூட ரொமெல் விடமாட்டார்.
வரைபவர், எழுதுபவர், ஏணி தூக்குபவர்,
காசு கொடுப்பவர்,
இவர்களில் யாரும் யாரையும் கொன்றுவிடாமல்
பார்த்துக்கொள்கிறேன்.
அட்டையில் டிஜிட்டல் தயாரிப்பாளர் என்றிருக்கிறது.
பதினாலு வருடம்.
அத்தர் வெளியீட்டுக்கு ஒரு பாலைவனம்
(ஜன்னலுக்கு வெளியே ஒன்று சும்மா கிடந்தும்),
கார் கம்பெனிக்கு ஒரு நிலா,
வங்கிக்கு, ஏனென்று இன்றும் தெரியாது, ஓர் எரிமலை.
நிலாவை இறக்கிய மறுநாள்
அதே தரையில் சமையலறை டைல்ஸ் கண்காட்சி.
எதுவும் நாற்பது நாள் தாண்டியதில்லை.

இந்தக் கடலுக்கு ஒரே விதி.
தரை பாதத்தை அறியும்.
நடந்தால் மீன் விலகும்.
தொண்ணூறு விநாடி அசையாமல் நின்றால்
வரும்.
முதலில் ஒன்று, சந்தேகத்தோடு.
பிறகு கூட்டமாக, கணுக்காலைச் சுற்றி.
மகள் பிறக்கக் காத்திருந்த இரவில்
ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து
ஹொஸாம் எழுதிய விதி அது.
குறிப்பில் ஒரே சொல்: பொறு.

திறந்து ஒன்பது நாள்.
யாரும் நிற்கவில்லை.
போனைத் தூக்கினார்கள், திரும்பினார்கள்.
பிள்ளைகள் மீனைத் துரத்தித் துரத்தி மிதித்தார்கள்.
உள்ளே இருந்தது சராசரி நாலு நிமிடம்,
ஓரிடத்தில் நின்றது பதினோரு விநாடி.
வாடிக்கையாளர் ஷம்மா
பேனாவால் மேசையைத் தட்டினார்:
மீன் ஏன் வருவதில்லை?
ஐந்து விநாடியாக்குங்கள்.
விரல் அறிக்கையின் கடைசி வரிக்கு இறங்கியது.
இது என்ன?
அதிகாலை. ஒரே ஜோடிப் பாதம்.
மூன்று மணி நாற்பது நிமிடம்.

சென்சார் கோளாறு என்றேன்.
வாய் தானாகச் சொன்னது.

அன்றிரவே போனேன்.
ஒகெல்லோ. இரவுக் காவல்.
சீருடைக் கால்சட்டையை
முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார்
நனைக்காத கடலில்.
சுவரோரம் ஷூக்கள், உள்ளே சாக்ஸ் திணித்து.
நானூறும் அவர் காலடியில்.
என்னைக் கண்டு பதறியதும் சிதறின.
மன்னிக்கணும் மேடம் என்று ஆரம்பித்தார்,
முடிக்கத் தெரியவில்லை.
பிறகு கொஞ்சம் சிரித்து,
நிற்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்
என்றார்.

பகலுக்கு ஐந்து விநாடி என்று மாற்றினோம்.
வந்தவுடன் மீன். படங்கள் பரவின.
ஷம்மா பேரீச்சம்பழப் பெட்டி அனுப்பினார்.
அறிக்கையில் அந்த வரியை நானே அழித்தேன்.
பதினோரு மணிக்கு அணைய வேண்டிய கடலை
விடிகாலை நாலரைவரை ஓடவிட்டேன்,
பழைய தொண்ணூறு விநாடியோடு.
மின்கட்டணத்துக்கு எதிரே எழுதினேன்:
அளவு திருத்தம்.
ஹொஸாம் பார்த்திருப்பான். கேட்கவில்லை.

நாற்பதாம் நாள்
ரொமெலின் ஆட்கள் தரையைச் சுருட்டினார்கள்.
ஒகெல்லோவை முஸஃபாவில் ஏதோ
கார் நிறுத்தத்துக்கு மாற்றிவிட்டதாக
புதுக் காவலர் சொன்னார். அவர் உட்கார்ந்திருந்தார்.
மீன்கள் இப்போது என் கைப்பையில்,
ஒரு டெராபைட்டில் பாதி இடம் மிச்சம் வைத்து.

ரியாத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது.
மாலுக்குப் பனிப்பொழிவு வேண்டுமாம்.
தொட்டால் உருக வேண்டும்,
உடனே உருக வேண்டும்.

உடனே என்றால் எத்தனை விநாடி
என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.